விமானம் ரத்தானால் எந்த ஏர்போர்ட்டுக்கு ஓடுவது?

நெவார்க் விமான நிலையத்துப் பலகையில் என் லண்டன் விமானத்துக்கு நேரே 'ரத்து' என்று சிவப்பில் விழுந்தபோது பகல் பன்னிரண்டே கால். வெளியே பனி கொட்ட ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உதவி கவுண்டர் முன்னால் அதற்குள் எண்பது பேர். வரிசையின் வாலில் நின்றபடி போனைத் தட்டினேன். நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலிருந்து இரவு எட்டரைக்கு வேறொரு நிறுவனத்தின் லண்டன் விமானம் இருந்தது, இரண்டு இருக்கை மிச்சம். அடித்தது யோகம் என்று நினைத்தேன். பழைய டிக்கெட்டுக்குச் செயலியில் 'பணத்தைத் திரும்பப் பெறுக' என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினேன். புது டிக்கெட்டை வாங்கினேன். நல்லவேளையாகப் பெட்டிகளை இன்னும் ஒப்படைக்கவில்லை, இரண்டையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டேன்.

டிக்கெட் பதிவு முறையில் நெவார்க், ஜே.எஃப்.கே., லகார்டியா மூன்றும் நியூயார்க் என்ற ஒரே நகரக் குறியீட்டின் கீழ் வருகின்றன. வரைபடத்திலும் பக்கம் பக்கம்தான். ஆனால் நெவார்க்குக்கும் ஜே.எஃப்.கே.க்கும் நடுவில் மன்ஹாட்டன் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. முனையத்திலிருந்து ஏர்டிரெயின், அங்கிருந்து நியூஜெர்சி டிரான்சிட் ரயிலில் பென் ஸ்டேஷன், இறங்கி மாறி லாங் ஐலண்ட் ரயிலில் ஜமைக்கா, ஜமைக்காவில் இன்னொரு ஏர்டிரெயின். நல்ல நாளிலேயே இரண்டு மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு எனக்கு நாலரை மணி நேரம் ஆனது. பென் ஸ்டேஷன் படிக்கட்டில் பெரிய பெட்டியின் ஒரு சக்கரம் கழன்றுகொண்டது; மீதி வழி முழுக்க அது தரையைச் சுரண்டிக்கொண்டே வந்தது.

ஜே.எஃப்.கே.க்குள் நுழைந்ததும் முதலில் பலகையைப் பார்த்தேன். எட்டரை லண்டன்: ரத்து.

இரண்டு நிலையங்களுக்கும் மேலே இருப்பது ஒரே வானம், கொட்டுவது ஒரே பனி. ஒன்று மூடும்போது மற்றது இன்னும் 'நேரத்துக்குக் கிளம்பும்' என்று காட்டினால், அங்கே செய்தி வந்து சேரவில்லை என்று அர்த்தம். இதை யோசிக்க எனக்கு நாலரை மணி நேரமும் ஒரு சக்கரமும் தேவைப்பட்டன. புது நிறுவனம் மூன்று நாள் கழித்துத்தான் இருக்கை இருக்கிறது என்றது. பழைய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "நீங்கள்தான் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டீர்களே" என்றார்கள். நெவார்க் வரிசையில் பொறுமையாக நின்றவர்களில் பலரை மறுநாள் இரவு விமானத்திலேயே ஏற்றிவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. பொத்தானை அழுத்திய நிமிடமே எனக்கும் அந்த நிறுவனத்துக்கும் இருந்த பந்தம் அறுந்துவிட்டது. பயணம் போயே ஆக வேண்டும் என்றால், மாற்று விமானத்தில் இருக்கை உறுதியாகும்வரை பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது.

இன்னொன்றும் உறுத்தியது. நெவார்க் கவுண்டரில் ஒரு வயதான தம்பதி 'வாஷிங்டன் டல்லஸ் ஏர்போர்ட்' என்று கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஒரே நகரத்தில் மூன்று நிலையம் இருக்க, மூன்று மணி நேரம் ரயிலேறி இன்னொரு ஊருக்குப் போவார்களா என்று மனதுக்குள் சிரித்தேன். அன்றிரவு ஜே.எஃப்.கே. தரையில் உட்கார்ந்து டல்லஸின் புறப்பாட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். புயல் அந்தப் பக்கம் போகவில்லை. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் ரத்து என்று கேட்டதும் நான் பார்க்கும் முதல் விஷயம் மாறிவிட்டது. பக்கத்தில் எந்த நிலையம் என்று தேடுவதில்லை. கெட்டது எது என்று பார்க்கிறேன்: வானமா, நிலையமா, அல்லது அந்த ஒரு விமானம் மட்டுமா?

வானம் கெட்டால் பக்கத்து நிலையத்தால் பிரயோஜனம் இல்லை. புயலின் ஓரத்துக்கு வெளியே போக வேண்டும். சில சமயம் ஓரமே இருக்காது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃபியத்லயோகுத்ல் எரிமலை சாம்பலைக் கக்கியபோது ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடிக் கிடந்தது. ஒரு லட்சம் விமானங்கள்போல ரத்தாயின. அப்போது லண்டனை விட்டுப் பாரிசுக்கு ஓடியிருந்தாலும் பயனில்லை.

நிலையம் மட்டும் கெட்டால் கதை வேறு. 2025 மார்ச் 21 அன்று பக்கத்து மின்நிலையம் ஒன்றில் தீப்பிடித்து லண்டன் ஹீத்ரோ பகல் முழுக்க மூடிக் கிடந்தது. 1,300-க்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன. வானம் தெளிவு, மற்ற நிலையங்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஆனால் ஹீத்ரோ இரண்டு ஓடுபாதை உள்ள நிலையம். லண்டனின் இன்னொரு நிலையமான கேட்விக் ஒரே ஓடுபாதையை வைத்துக்கொண்டு சாதாரண நாளிலேயே மூச்சுமுட்ட ஓடும் நிலையம். ஒரு குடத்துத் தண்ணீரைச் செம்பில் ஊற்ற முடியாது. இப்படிப்பட்ட நாளில் மான்செஸ்டர், பர்மிங்ஹாம், அல்லது யூரோஸ்டார் ரயில் ஏறி பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் என்று யோசிப்பவருக்கே இருக்கை கிடைக்கும்.

பக்கத்தில் இருக்கும் நிலையத்தில் நமக்கு வேண்டிய விமானம் ஏறி இறங்குகிறதா என்பதும் உண்டு. 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி புயலில் ஜப்பானின் கன்சாய் நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. கடலுக்குள் கட்டிய செயற்கைத் தீவு அது. கரையோடு இணைக்கும் பாலத்தில் எண்ணெய்க் கப்பல் ஒன்று மோதியது. மாட்டிக்கொண்டவர்களைப் படகில் ஏற்றி கோபேவுக்குக் கொண்டுபோனார்கள். கோபேயில் ஒரு விமான நிலையம், ஒசாகா ஊருக்குள் இதாமியில் இன்னொன்று. இரண்டும் பக்கம்தான். ஆனால் இரண்டுமே அப்போது உள்நாட்டு விமானங்களுக்கானவை. வெளிநாடு போக வேண்டியவருக்கு அவை இருந்தும் இல்லாத மாதிரி. நியூயார்க்கில் லகார்டியாவும் அப்படித்தான். 1,500 மைலுக்கு மேல் பறக்கும் விமானம் அங்கிருந்து கிளம்ப, டென்வர் போன்ற விதிவிலக்குகள் தவிர, அனுமதி இல்லை. கடல் தாண்டிப் போகிறவர் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

மூன்றாவது வகை, விமானம் மட்டும் கெடுவது. சொல்லப்போனால் நெடுந்தூரப் பயணத்தில் இதுதான் நம்மை நன்றாக மாட்டிவிடும். குறுந்தூரத்தில் ஒன்று போனால் சில மணி நேரத்தில் அடுத்தது வரும். பன்னிரண்டு மணி நேரம் பறக்கும் தடத்தில் ஒரு நிறுவனம் பெரும்பாலும் நாளைக்கு ஒன்றுதான் விடும். முந்நூறு பேர் இறக்கிவிடப்பட்டார்கள், நாளைய விமானத்தில் இருபது இருக்கை காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இருநூற்று எண்பது பேர் எத்தனை நாளில் கரைவார்கள்? அந்தக் கணக்கு என் மண்டைக்கு ஏறியது பிராங்க்ஃபர்ட்டில். அம்மாவும் கூட இருந்தார்.

இருவரும் இரண்டு வாரம் ஐரோப்பா சுற்றிவிட்டு அக்காவைப் பார்க்க சிங்கப்பூர் போவதாகத் திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் சக்கர நாற்காலி உதவி சொல்லியிருந்தோம். இரவு பத்து மணிக்கு விமானம். உட்கார வைத்து, கதவையும் சாத்திவிட்டு, ஏதோ ஒரு கருவியில் பழுது, இருபது நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பழுது சரியானதோ இல்லையோ, மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை விமானம் பறக்கத் தடை. அதற்கு மேல் கிளம்பத் தனி அனுமதி வேண்டும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத் தாமதம் ஒரு நாள் ரத்தாகிவிட்டது. இரவு கடைசியில் கிளம்பும் விமானத்தை எடுக்கும்போது அந்த நிலையத்தில் இப்படி ஒரு ஊரடங்கு உண்டா என்று பார்ப்பது நல்லது. டோக்கியோவில் நரிட்டாவுக்கு உண்டு, ஹனேடா இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிறது. சிட்னியிலும் இரவு 11 முதல் காலை 6 வரை தடை.

திரும்ப வெளியே வரும்போது கடவுச்சீட்டு அதிகாரி, ஏற்கெனவே குத்தியிருந்த வெளியேறும் முத்திரையின் மேல் கோடிழுத்து ரத்து செய்தார். எங்கள் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) ஒரே முறை நுழைவதற்கானது, ஆகவே இந்தக் கோடு முக்கியம். அது விழாமல் வெளியே போயிருந்தால் காகிதப்படி நாங்கள் நாட்டில் இல்லாதவர்கள். (2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதில் மின்பதிவு படிப்படியாக வந்துவிட்டது, இருந்தாலும் 'எங்கள் வெளியேற்றப் பதிவு நீங்கியதா' என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.) அதே பக்கத்தில் விசா முடியும் தேதியும் கண்ணில் பட்டது. இன்னும் இரண்டே நாள்.

கவுண்டர் வரிசையில் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நானும் நின்றேன், ஆனால் இந்த முறை சும்மா நிற்கவில்லை. நிறுவனத்தின் ஜெர்மனி எண்ணுக்கு அந்த முந்நூறு பேரும் போன் போடுவார்கள் என்று தெரியும். அதனால் அவர்களுடைய சிங்கப்பூர் எண்ணுக்குப் போட்டேன். அங்கே பொழுது விடியும் நேரம். நாலு நிமிடத்தில் ஆள் கிடைத்தார். வரிசையில் நான் ஒரு பத்தடிகூட நகரவில்லை.

போனில் கிடைத்த அந்தப் பெண் இரண்டு வழி சொன்னார். முதலாவது, பிராங்க்ஃபர்ட்டிலிருந்தே மூன்று நாள் கழித்து. விசா ஒத்துவராது. இரண்டாவது, காலையில் லண்டன், அங்கிருந்து சிங்கப்பூர். எல்லாவற்றிலும் சீக்கிரம் போய்ச் சேருவது இதுதான். சரி என்று வாய் வரை வந்துவிட்டது. எதற்கும் எந்த நிலையம் என்று கேட்டேன். ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவே அறுபத்தைந்து கிலோமீட்டர்போல சாலை, அதைவிட முக்கியமாக பிரிட்டன் குடிவரவு. ஒரே நிலையத்துக்குள் மாறுவது வேறு, ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது வேறு. இரண்டாவதில் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். எங்களிடம் பிரிட்டன் விசா இல்லை. அவருடைய திரையில் லண்டன் என்று ஒரே பெயராகத் தெரிவது எங்களுக்குச் சுவர். நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவதும் இதே சங்கதிதான். விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்குக்கூட சில கடவுச்சீட்டுகளுக்கு விசா தேவை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும், சில விதிவிலக்குகள் தவிர, இந்த நிபந்தனை உண்டு. மாற்று வழி சொல்லும் ஊழியர் இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நம்பிவிடாதீர்கள். அவர் காலி இருக்கையைப் பார்க்கிறார், நம் கடவுச்சீட்டை நாம்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழியை அவர் சொல்லவில்லை, நான் கேட்டேன். "மியூனிக்கில் பாருங்கள்." தட்டினார். மறுநாள் இரவு, நேரடி விமானம், இரண்டு இருக்கை.

இதை ஏன் அவராகச் சொல்லவில்லை? பிராங்க்ஃபர்ட்டும் மியூனிக்கும் வெவ்வேறு நகரக் குறியீடு. மாற்று விமானம் தேடும்போது பெரும்பாலும் பதிவிலுள்ள அதே நகரத்துக்குள்தான் முதலில் தேடுவார்கள். நானூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பது அந்தத் தேடலில் வராது, நாம் பெயர் சொன்னால்தான் வரும். அதனால் இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் நாலைந்து நிலையங்களின் பெயரை எழுதி வைத்துக்கொள்கிறேன்: ஐந்து மணி நேரத்தில் தரைவழியே போகக்கூடியவை, நான் போகும் ஊருக்கு நேரடி விமானம் உள்ளவை, அதே நிறுவனமோ அதன் கூட்டணி நிறுவனமோ இயங்குபவை. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம் என்ற மூன்றில் நம் நிறுவனம் எதில் என்று தெரிந்திருந்தால், "உங்கள் கூட்டாளி விமானத்தில் அங்கிருந்து பாருங்கள்" என்று கேட்கலாம். மலிவு விலை நிறுவனங்கள் பெரும்பாலும் யாரோடும் இப்படி டிக்கெட் மாற்றிக்கொள்வதில்லை. அவர்களிடம் இந்த வாசல் குறுகல்.

"ஏண்டா, பிளேன்ல போலாம்னு கூட்டிட்டு வந்து ரயில்ல ஏத்தறியே, ரயில் சிங்கப்பூர் போகுமா?" என்றார் அம்மா. மணி பன்னிரண்டரை. அந்த வரிசையில் முதல் முறையாகச் சிரித்தவர் அவர்தான்.

பெட்டி விஷயத்தில் மட்டும் சிங்கப்பூர்க் குரல் சொன்னதை நான் கேட்கவில்லை. "பெட்டிகள் தானாக மியூனிக் வந்துவிடும்" என்றார். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டியில் இருந்தது (அதை அங்கே வைத்தது என் தப்பு). தவிர, அந்தப் பெட்டிகள் இறக்கப்பட்டது பிராங்க்ஃபர்ட்டில், நாங்கள் போவது ரயிலில். எந்த விமானத்தில் ஏறித் தானாக வரும்? சீட்டிலிருந்த பை எண்ணைக் காட்டி, வெளியே தரச் சொன்னேன். ஒன்றே முக்காலுக்கு பெல்ட் ஓடியது. வேறு நிலையத்துக்கு மாறுகிறீர்கள் என்றால், எவ்வளவு நேரமானாலும் பெட்டியைக் கையில் வாங்காமல் கட்டடத்தை விட்டு வெளியேறாதீர்கள். வெளியே போன பிறகு உள்ளே திரும்ப வந்து கேட்பது பெரும் பாடு.

ரயில் டிக்கெட்டை நிறுவனமே தந்தது. கேட்ட பிறகுதான் தந்தது. பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே நெடுந்தூர ஐ.சி.இ. ரயில்கள் கிளம்புகின்றன, மியூனிக் நகரத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். நான் கவனிக்காமல் விட்டது கடைசித் துண்டு. மியூனிக் விமான நிலையத்துக்கு ஐ.சி.இ. கிடையாது. ஊருக்குள் முதன்மை ரயில் நிலையத்தில் இறங்கி, உள்ளூர் எஸ்-பான் ரயிலில் இன்னொரு முக்கால் மணி நேரம் போக வேண்டும். இரண்டு பெட்டி, முழங்கால் வலி, நடைமேடையிலிருந்து கீழே சுரங்கத்துக்கு இறங்குவது. இளவட்டமாகத் தனியே போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, எங்களுக்கு அந்த நாளின் மிகக் கஷ்டமான நாற்பது நிமிடம் அது. நிலையங்களை ஒப்பிடும்போது நான் இப்போது கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, எத்தனை இடத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணுகிறேன். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் ரயில் முனையத்துக்கு அடியிலேயே நிற்கும். பாரிஸ் சார்ல் து கோலில் அதிவேக ரயில் இரண்டாம் முனையத்துக்குள் வருகிறது. இப்படிப்பட்டவை தூரத்தில் இருந்தாலும் பக்கம். பெயரில் பிராங்க்ஃபர்ட் என்றே வரும் ஹான் நிலையமோ பிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர்.

மியூனிக் கவுண்டருக்கு நாலு மணி நேரம் முன்னதாகப் போய்விட்டோம். அது வீண் போகவில்லை. ஊழியர் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், போனை எடுத்தார். பதிவில் எங்கள் பெயர் இருக்கிறது, புது விமானத்தில் இருக்கையும் இருக்கிறது, ஆனால் டிக்கெட் இன்னும் ரத்தான விமானத்தோடேயே கட்டிக் கிடக்கிறது. பதிவு வேறு, டிக்கெட் வேறு. பதிவு மாறிய பிறகு டிக்கெட்டை மறுபடி வெளியிட வேண்டும், சிங்கப்பூரில் யாரோ அந்தக் கடைசிப் படியை விட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம் போனில் நின்றார் அந்த மனிதர். போனை வைக்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: "டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்துவிட்டீர்களா? மின்னஞ்சல் வருமா?" வரும் மின்னஞ்சலில் பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணுக்கு நேரே புது விமானமும் புது நிலையமும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிலையத்தில் கோளாறு என்றால் அங்கே ரத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். புது நிலையத்தில் நாம் யாரென்றே தெரியாது.

சக்கர நாற்காலியும் அப்படியே விட்டுப்போயிருந்தது. பழைய பதிவில் சொன்ன உதவிக் கோரிக்கை, சிறப்பு உணவு, தேர்ந்தெடுத்த இருக்கை எதுவும் புதிய பதிவுக்குத் தானாக வராமல் போகலாம். மறுபடி கேட்டு வாங்கினேன்.

போக, நம் இஷ்டத்துக்கு வேறு நிலையத்துக்குப் போய் வேறு டிக்கெட் வாங்கிப் பறப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. போக வர எடுத்த டிக்கெட்டில் போகும் பகுதிக்கு நாம் வராமல் இருந்தால், திரும்பி வரும் பகுதியையும் நிறுவனம் ரத்து செய்துவிடும். விமானமே ரத்தான நாளில் அது நடக்காது என்று நினைக்கலாம். ஆனால் அவர்கள் தாமாகவே நம்மை மறுநாள் விமானத்தில் போட்டிருந்து, நாம் அதற்கு வராவிட்டால், கணக்கில் நாம் வராதவர்தான். எனவே சொந்தக் காசில் போவதானாலும், திரும்பும் பகுதி உயிரோடு இருக்கும் என்று எழுத்தில் வாங்கிவிட்டுப் போங்கள்.

நிலையம் மாறும்போது செலவு யாருடையது என்பதற்கு ஊருக்கு ஊர் விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கும் 261/2004 என்ற ஒழுங்குமுறை பொருந்தும். அதன் 8-ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு, ஒரு நகரத்துக்குப் பல நிலையங்கள் இருந்து நிறுவனம் வேறொன்றில் இறக்கினால், பதிவு செய்த நிலையத்துக்கோ ஒத்துக்கொண்ட பக்கத்து இடத்துக்கோ கொண்டுபோகும் செலவு நிறுவனத்தினுடையது என்கிறது. பெர்லினில் டேகலுக்குப் பதில் ஷோனஃபெல்டில் இறக்கிய ஒரு வழக்கில் 2021-இல் ஐரோப்பிய நீதிமன்றம், பயணி கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நிறுவனமே முன்வந்து அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது. அதே தீர்ப்பில், பக்கத்து நிலையத்தில் இறக்கியதை மட்டும் வைத்து ரத்துக்கான இழப்பீடு கேட்க முடியாது என்றும் இருக்கிறது. கனடாவின் 2019 விதிகள் இன்னும் வெளிப்படை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலுள்ள காரணத்தால் ரத்தாகி, பெரிய நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் நம்மைக் கிளப்ப முடியாவிட்டால், நியாயமான தொலைவிலுள்ள வேறொரு நிலையத்துக்குக் கொண்டுபோய், எந்த நிறுவனத்தின் விமானத்திலாவது ஏற்றிவிட வேண்டும். அமெரிக்காவில் 2024 அக்டோபர் இறுதியில் நடப்புக்கு வந்த விதிப்படி, நிறுவனம் புறப்படும் நிலையத்தையோ இறங்கும் நிலையத்தையோ மாற்றினாலே அது பெரிய மாற்றம். வேண்டாம் என்று முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஐரோப்பாவைப் போல ஓட்டலும் சாப்பாடும் அங்கே சட்டத்தின் கட்டாயம் இல்லை. எனக்கு அந்த ஜே.எஃப்.கே. தரை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளம்பும் பக்கத்தை மாற்ற முடியாதபோது இறங்கும் பக்கத்தைத் திறந்துவிடலாம். இது பலருக்குத் தோன்றுவதில்லை. லண்டன்தான் வேண்டும் என்று நிற்காமல் பாரிஸ், டப்ளின், மான்செஸ்டர் எதுவானாலும் சரி, அங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் ஊழியரின் திரையில் சட்டென்று நாலு வழி முளைக்கும். நெடுந்தூரம்தான் கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் மிச்சம் ரயிலோ பஸ்ஸோ சமாளிக்கலாம். விசா கணக்கு இங்கேயும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

எங்கேயும் ஓடாமல் இருப்பதே நல்லது என்ற நாளும் உண்டு. காலையில் ரத்தான விமானத்துக்குப் பதில் அன்று மாலையே கூடுதல் விமானம் விடுகிறார்கள் என்றால் உட்கார்ந்துவிடுங்கள். கைக்குழந்தையோடு இருந்தால், ஓட்டல் தருகிறார்கள் என்றால், ஒரு நாள் தாமதத்தால் எதுவும் கெடாது என்றால் உட்காருங்கள். கார் பழைய நிலையத்து பார்க்கிங்கில் நிற்கிறது என்றாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். திரும்பி வரும்போது வேறு நிலையத்தில் இறங்கி அதை எடுக்கப் போகும் செலவு நம் தலையில்தான் விழும்.

சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு இழப்பீட்டுக்கு எழுதினேன். 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஆளுக்கு 600 யூரோ. விமானத்தின் சாதாரணத் தொழில்நுட்பப் பழுது 'அசாதாரணச் சூழ்நிலை' ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது. பனிப்புயல் என்றால் இந்தப் பணம் கிடைக்காது, ஓட்டலும் சாப்பாடும் மாற்று விமானமும் மட்டும் பாக்கி. முதல் பதிலில் 'எதிர்பாராத இயக்கக் காரணம்' என்று தட்டிக்கழித்தார்கள். தீர்ப்பைக் குறிப்பிட்டு மறுபடி எழுதியதும் ஒத்துக்கொண்டார்கள். அம்மாவின் பெயரில் தனியாக ஒரு மனு போட வேண்டியிருந்தது.

வழிச்செலவுக்கு ரசீது கேட்டார்கள். மியூனிக்கில் அந்த எஸ்-பான் டிக்கெட்டை நான் எங்கே போட்டேன் என்றே நினைவில்லை. பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன், சட்டைப் பைகளைத் துழாவினேன். அம்மா பேசாமல் தன் சுருக்குப்பையைத் திறந்தார். நாலாக மடித்த எஸ்-பான் டிக்கெட், அதற்கடியில் ரத்தான விமானத்தின் போர்டிங் பாஸ் இரண்டு, பெட்டிச் சீட்டு இரண்டு, ஓட்டல் வவுச்சரின் அடிக்கட்டை.

"நீ தூக்கிப் போடுவேன்னு தெரியும்" என்றார்.